லூட்விக் என்னும் ஜெர்மானியப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேத்தோவனின் பெயராகவோ, பவேரிய மன்னர்களின் பெயராகவோ தமிழ் வாசகர்கள் லூட்விக் என்பதை அறிந்திருப்பார்கள். பிரெஞ்சு மன்னர்களின் லூயியும் இதே பெயர்தான் என்பதும், ஞானப்பிரகாசம் என்ற பெயருக்கும் இதனோடு ஒரு உறவு உண்டு என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இப்பக்கத்தில் 'ஜெர்மானிய' என்ற சொல், ஜெர்மன், டச்சு, ஆங்கிலம் முதலிய மொழிகள் கிளைத்த பழைய மொழிக்குடும்பத்தைக் குறிக்கிறது. 'ஜெர்மன்' என்பது அக்குடும்பத்தின் ஒரு மொழியை மட்டும் குறிக்கிறது.

லூட்விக் என்ற பெயரின் பொருள் என்ன?

இரண்டு பழைய ஜெர்மானியச் சொற்கள் சேர்ந்து அமைந்த பெயர் இது. முதற்பகுதியான 'ஹ்லூத்' என்பதற்கு உரக்க ஒலிப்பது, பலராலும் கேட்கப்படுவது, அதன் வழியே புகழ்பெற்றது என்று பொருள். பிற்பகுதியான 'வீக்' என்பதற்குப் போர் என்று பொருள். புகழ், போர் என்ற இரண்டு கருத்துகளும் பெயரில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அப்படியானால் 'புகழ்பெற்ற போர்வீரன்' என்று பெயர் அகராதிகள் எழுதுவது சரிதானே?

பெரும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அதை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. 'வீக்' என்பது போரைக் குறிக்கும் சொல். வீரன் என்ற பொருள் அகராதி எழுதுவோர் சேர்த்துக்கொண்டது. அதைவிட முக்கியமான காரணம், பழைய ஜெர்மானியர்கள் பெயர்களை உருவாக்கிய முறையிலேயே இருக்கிறது. அவர்களிடம் பெயர்களுக்கென்றே ஒரு சொல்தொகுதி இருந்தது. புகழ், போர், படை, வாள், ஓநாய், காவல், செல்வம், நட்பு போன்ற பொருள் தரும் சொற்களிலிருந்து இரண்டை எடுத்து இணைத்தால் ஒரு பெயர் கிடைத்துவிடும். தந்தையின் பெயரிலிருந்து ஒரு பகுதியையும் தாயின் பெயரிலிருந்தோ பாட்டனின் பெயரிலிருந்தோ மற்றொரு பகுதியையும் எடுத்துப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். பழைய ஜெர்மன் வீரப்பாடல் ஒன்றில் பாட்டன் ஹெரிபிராண்ட், தந்தை ஹில்டெபிராண்ட், மகன் ஹதுபிராண்ட் என்று மூன்று தலைமுறைகள் வருகின்றன. பிற்பகுதி மாறாமல் நிற்க, முற்பகுதி மட்டும் மாறுகிறது. மூன்று முற்பகுதிகளும் ஹகரத்திலேயே தொடங்கி மோனை அமைக்கின்றன. பெயரைக் கேட்டவுடன் இவர் இன்னார் குடும்பம் என்று தெரிய வேண்டும் என்பதே நோக்கம். இரு சொற்களும் சேர்ந்து ஒரு தொடராகப் பொருள் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்கு மறுக்க முடியாத சான்று ஹெட்விக் என்ற பெண்பெயர். அதன் முற்பகுதியான 'ஹது' என்பதற்கும் போர் என்றுதான் பொருள், பிற்பகுதியான 'விக்' என்பதற்கும் போர் என்றுதான் பொருள். 'போர்ப்போர்' என்று எந்தப் பெற்றோரும் யோசித்துப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆயினும், பெயரின் உட்பொருளை அக்காலத்தவர் அடியோடு மறந்துவிட்டார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. 9ஆம் நூற்றாண்டில் பேரரசர் லூட்விக்கின் சினத்துக்கு ஆளாகி ஸ்ட்ராஸ்பூர் நகருக்கு நாடுகடத்தப்பட்ட எர்மோல்டுஸ் நிகெல்லுஸ் என்ற புலவர், மன்னரின் மனத்தை இளக்குவதற்காக இலத்தீனில் ஒரு நீண்ட புகழ்ப்பாடல் எழுதினார். அதில் மன்னரின் பெயரைப் பிரித்துக் காட்டி, 'ஹ்லூத்தோ' என்றால் சிறப்புமிக்கது, 'விக்' என்றால் மார்ஸ் என்று விளக்குகிறார். மார்ஸ் உரோமானியரின் போர்த்தெய்வம். பெயரைப் பிரித்துப் புகழும் உத்தி நம் புலவர்களுக்கும் புதியதன்று. அவரும் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியேதான் பொருள் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

'ஹ்லூத்' என்ற சொல்லுக்கு வேறு மொழிகளில் உறவு உண்டா?

நிறைய உண்டு. உரத்த என்று பொருள்படும் இன்றைய ஜெர்மன் சொல்லான 'லௌட்', அதே பொருள் தரும் ஆங்கிலச் சொல்லான 'லவுட்' ஆகிய இரண்டும் இதன் நேரடி வாரிசுகள். இன்னும் பின்னோக்கிச் சென்றால், கேட்டல் என்று பொருள்படும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரில் போய் நிற்போம். அவ்வேரின் முதல் மெய் ஜெர்மானியக் கிளையில் ஹகரமாகவும், கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ககரமாகவும், சமஸ்கிருதத்தில் சகர ஒலியாகவும் திரிந்தது. புகழைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'கிளேயொஸ்' இவ்வேரிலிருந்து வந்தது; ஹெராக்ளிஸ், பெரிக்ளிஸ், சோஃபோக்ளிஸ் என்ற பெயர்களின் இறுதியில் ஒலிப்பது அதுதான். ஸ்லாவிய மொழிகளில் புகழைக் குறிக்கும் 'ஸ்லாவா' என்பதும், அதைக் கொண்ட யாரோஸ்லாவ், மிரோஸ்லாவ் முதலிய பெயர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சமஸ்கிருதத்தில் இவ்வேர் தந்த சொற்களுள் ஒன்று 'சுருதி'. வேதத்தையும் இசையின் ஆதார ஒலியையும் குறிக்க அச்சொல்லைத் தமிழிலும் நாம் கடன் வாங்கி வழங்குகிறோம். தம்பூராவில் சேர்க்கும் சுருதியும் லூட்விக்கின் முதல் அசையும் ஒரே வேரின் தொலைதூரக் கிளைகள் என்பது கேட்பதற்கு விந்தையாகத் தோன்றலாம். இந்த ஒலித்திரிபுகள் ஒழுங்கானவை, பல நூறு சொற்களில் சோதித்து உறுதிசெய்யப்பட்டவை. நாலு பேர் காதில் விழுந்தால்தான் புகழ் என்ற கருத்து இவ்வேரின் உள்ளேயே இருக்கிறது.

'வீக்' என்ற பிற்பகுதிக்கு?

போரிடுதல், வெல்லுதல் என்ற பொருளுடைய வேர் இதற்கு மூலம். வெற்றியாளன் என்று பொருள்படும் இலத்தீன் 'விக்டர்' இதன் உறவு. ஜெர்மன் ஆண்பெயரான ஹார்ட்விக், மேலே சொன்ன ஹெட்விக் ஆகியவற்றிலும் இதே பகுதி இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியையும் போலந்தையும் ஆண்ட முதலாம் லூட்விக்கின் மகள் ஹெட்விக். போலிஷ் மொழியில் யாத்விகா என்று வழங்கும் அவர் 1384இல் போலந்தின் அரியணை ஏறினார். தந்தை, மகள் இருவர் பெயரும் போரில் முடிகின்றன.

இந்தியாவின் கடைசி வைசிராயான மவுண்ட்பேட்டனின் முழுப்பெயர் லூயி பிரான்சிஸ் ஆல்பர்ட் விக்டர் நிக்கலஸ் என்பது. லூயி என்பதன் மறைந்துபோன பிற்பகுதியும் விக்டரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 1854இல் ஆஸ்திரியாவில் பிறந்த அவருடைய தந்தை ஜெர்மன் இளவரசர் லூட்விக். பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து லூயி ஆனார். முதல் உலகப்போரின்போது ஜெர்மன் பெயர்கள் மீது வெறுப்பு மூண்டதால் 1917இல் பாட்டன்பெர்க் என்ற குடும்பப் பெயரையும் மவுண்ட்பேட்டன் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்.

இப்பெயரைத் தாங்கியவர்களுள் வரலாற்றில் முதலில் தெரியவருபவர் யார்?

ஜெர்மானிய இனங்களுள் ஒன்றான பிராங்கு இனத்தின் அரசர் குளோவிஸ்தான் இப்பெயரை உலகறியச் செய்தவர். ஏறத்தாழ 481இல் அரசேற்று, பிராங்குகளின் சிறு சிறு அரசுகளை ஒன்றாக்கி, இன்றைய பிரான்சின் பெரும்பகுதியை வென்று, 511இல் இறந்தார். ரான்ஸ் நகரில் ஆயர் ரெமிகியுஸ் கையால் அவர் திருமுழுக்குப் பெற்றது ஐரோப்பிய வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்று; அது நடந்த ஆண்டு 496 என்பது மரபான கணக்கு, அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

அவர் தம் தாய்மொழியில் குளோவிஸ் என்று அழைக்கப்படவில்லை. 6ஆம் நூற்றாண்டில் அவருடைய வரலாற்றை எழுதிய தூர் நகர ஆயர் கிரகோரி, 'க்லோதோவேக்குஸ்' என்று இலத்தீன் வடிவில் எழுதுகிறார். ஜெர்மானியரின் கரகரப்பான ஹகரத்தைக் காட்ட இலத்தீனில் எழுத்து இல்லை. எனவே எழுத்தர்கள் ககரத்துக்குரிய எழுத்தையும் ஹகரத்துக்குரிய எழுத்தையும் சேர்த்து எழுதினார்கள். இத்தாலியிலிருந்து ஆட்சி செய்த கோத்திய அரசர் தியோடரிக், தம் மைத்துனரான இதே குளோவிஸுக்கு அனுப்பிய கடிதங்களிலோ பெயர் 'லுதுவின்' என்று இருக்கிறது. அந்த எழுத்தர் அவ்வொலியைக் காட்ட முயலவே இல்லை. கிரகோரியின் வடிவில் ஊகாரத்துக்குப் பதில் ஒகரம் இருப்பதால், முற்பகுதியின் மூல வடிவம் பற்றி மொழியியலாளர்களிடையே சிறு விவாதம் நடந்துவருகிறது. புகழ் என்ற அடிப்படைப் பொருள் அதனால் மாறுவதில்லை.

குளோவிஸ், லூயி, லூட்விக் மூன்றும் உண்மையிலேயே ஒரே பெயரா?

ஒரே பெயர்தான், மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வாய்களில் தேய்ந்தவை. பிராங்கு மொழியின் கரகரத்த முதல் ஒலி இலத்தீன் எழுத்தில் ககரமாக உறைந்து போனதால் குளோவிஸ் என்ற வடிவம் கிடைத்தது. பேச்சில் அவ்வொலி மெலிந்து வெறும் ஹகரமாயிற்று. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பேரரசரின் காசுகளில் 'ஹ்லுதோவிகுஸ்' என்று ஹகரத்தோடு பொறித்திருக்கிறார்கள். 881இல் வைக்கிங்குகளை வென்ற மேற்கு பிராங்கு அரசரைப் பழைய ஜெர்மனில் பாடும் பாடலும் 'ஹ்லுதுவிக்' என்றே அவரை அறிமுகம் செய்கிறது. அதன்பின் ஹகரமும் உதிர்ந்தது. ஜெர்மன் பக்கத்தில் லூட்விக் எஞ்சியது. பிரெஞ்சுப் பக்கத்தில் நடுவிலிருந்த தகரம் கரைந்து, இறுதி மெய்யும் தேய்ந்து, 'லூயி' என்ற இரண்டசைச் சொல் மட்டும் மிஞ்சியது.

ஜெர்மன் மொழியிலும் இந்த இரட்டை வடிவம் உண்டு. குளோவிஸை அவர்கள் க்லோட்விக் என்பார்கள்; 1894 முதல் 1900 வரை ஜெர்மன் பேரரசின் தலைமை அமைச்சராக இருந்த இளவரசர் ஹோஹென்லோஹேயின் பெயரும் க்லோட்விக்தான். பிரான்சின் பதினான்காம் லூயியையோ ஜெர்மானியர்கள் பதினான்காம் லூட்விக் என்றே எழுதுவார்கள். ஜெர்மன் நூலைத் தமிழாக்குவோர் இதைக் கவனிக்காவிட்டால் பிரெஞ்சு மன்னரின் அரண்மனையான வெர்சாயில் ஒரு பவேரிய மன்னரைக் குடியேற்றிவிடுவார்கள்.

842ஆம் ஆண்டின் ஓர் ஆவணம் இந்தப் பிரிவை நேரில் காட்டுகிறது. கிழக்கு பிராங்கு அரசர் லூட்விக்கும் மேற்கு பிராங்கு அரசர் சார்லசும் தம் மூத்த சகோதரர் லோத்தாருக்கு எதிராக ஸ்ட்ராஸ்பூரில் கூடி உறுதிமொழி எடுத்தார்கள்; ஒருவர் படைக்கு மற்றவர் சொல்வது புரிய வேண்டும் என்பதற்காக லூட்விக் பிரெஞ்சின் முன்னோடி மொழியிலும், சார்லஸ் ஜெர்மனிலும் பேசினார். பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கருதப்படும் அப்பகுதியில் அரசரின் பெயர் 'லோதுவிக்ஸ்' என்று வருகிறது. நடு மெய் அதில் இன்னும் கரையவில்லை.

பிரெஞ்சு மன்னர்கள் இத்தனை பேர் ஏன் இப்பெயரைச் சூடினார்கள்?

இதற்குப் பெயரின் பொருள் காரணமாக இருந்ததில்லை. உரிமை கோருவதே காரணம். குளோவிஸின் மெரோவிங்கிய மரபை 751இல் அகற்றிவிட்டு, அரண்மனை நிர்வாகிகளாக இருந்த குடும்பம் ஒன்று அரியணையைப் பிடித்தது. அக்குடும்பத்தில் அதுவரை பெப்பின், கார்ல், கார்ல்மன் போன்ற பெயர்கள்தாம் வழங்கின. 778இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த சார்லமேனுக்கு இரட்டை ஆண்பிள்ளைகள் பிறந்தபோது, அவர்களுக்கு ஹ்லுதோவிக் என்றும் ஹ்லோத்தார் என்றும் பெயரிட்டார். இரண்டும் பழைய மரபின் அரசர் பெயர்கள். பறித்த முடிக்குப் பழம்பெருமையையும் சேர்த்துச் சூட்டும் முயற்சி. இரட்டையருள் ஹ்லோத்தார் குழந்தையிலேயே இறந்தான். பிழைத்தவர் 814இல் பேரரசரானார். புலவர் எர்மோல்டுஸ் பாடிய பேரரசர் லூட்விக் இவர்தான்; பக்திமான் லூயி என்று அழைக்கப்படும் அவரே பிரெஞ்சுக் கணக்கில் முதலாம் லூயி. குளோவிஸ் என்ற பெயரோடு ஆண்ட நான்கு மெரோவிங்கிய அரசர்களையும் இந்த வரிசையில் சேர்த்திருந்தால், பதினான்காம் லூயி பதினெட்டாம் லூயி ஆகியிருப்பார்.

இரண்டாவது பெரிய உந்துதல் ஒன்பதாம் லூயியிடமிருந்து வந்தது. சிலுவைப்போருக்குச் சென்று 1270 ஆகஸ்ட் 25 அன்று தூனிசில் இறந்த அவரை 1297இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. மூதாதையர் ஒருவர் புனிதராகவும் இருப்பது எந்த அரசமரபுக்கும் கிடைத்தற்கரிய சொத்து. அதன்பின் பிரெஞ்சு அரச குடும்பம் இப்பெயரைக் கைவிடவே இல்லை. பிரெஞ்சுப் புரட்சியில் பதினாறாம் லூயியின் தலை 1793இல் வீழ்ந்த பின்னும், சிறையில் இறந்த அவருடைய சிறுவயது மகனைப் பதினேழாம் லூயியாகக் கணக்கில் வைத்து, 1814இல் அரசேற்ற அவர் தம்பி பதினெட்டாம் லூயி ஆனார். ஆளாத மன்னருக்கும் எண் கொடுக்கும் அளவுக்குப் பெயர் மரபு வலுவாக இருந்தது.

ஜெர்மனியில் இப்பெயர் பவேரியாவோடு மட்டும் ஏன் இணைத்துப் பேசப்படுகிறது?

பிற ஜெர்மன் அரசுகளிலும் லூட்விக்குகள் இருந்தார்கள். லூட்விக்ஸ்பூர்க் நகரம் வூர்ட்டம்பெர்க் கோமகன் எபர்ஹார்ட் லூட்விக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் பவேரியாவை ஆண்ட விட்டெல்ஸ்பாக் குடும்பம் இப்பெயரைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. அக்குடும்பத்து நான்காம் லூட்விக் 14ஆம் நூற்றாண்டில் புனித உரோமைப் பேரரசராக இருந்தார். 19ஆம் நூற்றாண்டில் பவேரியாவை ஆண்ட முதலாம் லூட்விக்குக்கு இப்பெயர் வந்த வழியோ பிரான்சு வழி. அவர் 1786 ஆகஸ்ட் 25 அன்று, அதாவது புனித லூயியின் திருநாளில், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பூரில் பிறந்தார். அவருடைய தந்தை பிரெஞ்சுப் படையில் அதிகாரி. ஞானத்தந்தை பதினாறாம் லூயி. ஜெர்மானியப் பெயர் பிரான்சுக்குப் போய், பிரெஞ்சு மன்னர் வழியாக ஜெர்மானியருக்கே திரும்பி வந்தது. 1810 அக்டோபரில் நடந்த இவருடைய திருமணக் கொண்டாட்டத்திலிருந்து தோன்றியதுதான் மியூனிக்கின் அக்டோபர் விழா.

அவருடைய பேரன் 1845இல் அதே ஆகஸ்ட் 25 அன்று பிறந்தார். பெற்றோர் ஓட்டோ என்று பெயரிடவே எண்ணியிருந்தனர். தம் பிறந்தநாளில் பிறந்த பிள்ளைக்குத் தம் பெயரையே வைக்க வேண்டும் என்று பாட்டன் வற்புறுத்தினார். ஓட்டோ என்ற பெயர் மூன்றாண்டு கழித்துத் தம்பிக்குப் போயிற்று. நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் கட்டிய இரண்டாம் லூட்விக் இவர்தான். பிரான்சின் பதினான்காம் லூயியைத் தம் பெயருக்குரிய முன்னோடியாகவே போற்றிய இவர், கீம்சே ஏரித் தீவில் வெர்சாயை முன்மாதிரியாகக் கொண்டு, அதன் கண்ணாடி மண்டபத்தையும் சேர்த்து ஒரு மாளிகை எழுப்பினார். பெயரின் சொற்பிறப்பை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கண்ணாடி மண்டபம் ஏன் அங்கே நிற்கிறது என்பது விளங்காது.

பேத்தோவன் லூட்விக்கா, லூயியா?

சூழலுக்கேற்ப இரண்டும்; மூன்றாவதாக லூயிஜியும். 1770 டிசம்பர் 17 அன்று பான் நகரில் திருமுழுக்குப் பெற்ற அவருக்குப் பாட்டனாரின் பெயரைச் சூட்டினார்கள். ஃபிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து வந்த அந்தப் பாட்டனாரை அவருடைய மொழியில் லோடவைக் என்று அழைப்பார்கள். சிறுவனாக அவர் வெளியிட்ட முதல் படைப்பின் பிரெஞ்சு முகப்பில் லூயி என்று இருக்கிறது. மூன்றாம் சிம்ஃபொனியின் இத்தாலிய முகப்பில் லூயிஜி என்று இருக்கிறது. அக்காலத்தில் பெயரையும் மொழிபெயர்ப்பது இயல்பு. எது 'உண்மையான' பெயர் என்ற கேள்வி, பிறப்புச் சான்றிதழ்க் காலத்தவரான நம்முடையது.

வேறு மொழிகளில் இப்பெயரின் வடிவங்கள் எவை?

இத்தாலியில் லூயிஜி, லுதோவிகோ. வெனிஸ் நகரில் மட்டும் அல்வீசே. ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் லூயிஸ், ஹங்கேரியத்தில் லாயோஷ், போலிஷில் லுத்விக். ஆங்கிலத்தில் நார்மானியர் வழியே வந்த லூவிஸ். சார்லஸ் லட்விஜ் டாட்ஜ்சன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர், தம் இரண்டு பெயர்களையும் இலத்தீனாக்கி, இடம் மாற்றி, மறுபடி ஆங்கிலமாக்கிச் செய்துகொண்ட புனைபெயர்தான் லூவிஸ் கரோல். லட்விஜை லுதோவிகுஸோடு ஒப்பிட்டுத்தான் லூவிஸ் பிறந்தது.

தெற்கு ஸ்லாவியர்களின் லியுதெவித் என்ற பெயரில் மட்டும் எச்சரிக்கை தேவை. பார்ப்பதற்கு லூட்விக் போலவே இருக்கும் அப்பெயர் ஸ்லாவியர்களின் சொந்தப் பெயர். அதன் முற்பகுதிக்கு மக்கள் என்று பொருள், புகழுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 819இல் பேரரசர் லூட்விக்கை எதிர்த்துக் கிளர்ந்த பன்னோனியத் தலைவரின் பெயரும் லியுதெவித்தான். பிற்காலத்தில் ஒலி ஒற்றுமையால் இரண்டும் கலந்துவிட்டன: 19ஆம் நூற்றாண்டுக் குரோவாசிய மொழிச் சீர்திருத்தக்காரர் லியுதெவித் காய், பிறந்தபோது லூட்விக்.

ஞானப்பிரகாசம் என்ற தமிழ்ப்பெயருக்கு இதனோடு என்ன தொடர்பு?

1568இல் இத்தாலியில் கொன்சாகா என்ற பிரபுக் குடும்பத்தில் பிறந்து, செல்வத்தைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்து, உரோமையில் தொற்றுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அதனாலேயே 1591இல் 23 வயதில் இறந்த இளைஞரின் பெயர் லூயிஜி. இலத்தீனில் அவரை அலோசியுஸ் என்று எழுதுவார்கள். தென்பிரான்சின் பழைய வழக்கான அலோய்ஸ் என்பதை ஒட்டிய வடிவம் அது. வெனிஸின் அல்வீசேயும் அதைப் போன்றதே. அலோசியுஸ் என்பதற்கு 'முழு ஞானி' என்று ஒரு ஜெர்மானியச் சொல்லைக் காட்டிப் பொருள் கூறும் பெயர் அகராதிகளும் உள்ளன. லூயிஜி என்பவரையே இலத்தீனில் அலோசியுஸ் என்று அழைத்திருப்பதால், லூயி வழி விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்தப் புனிதரை ஞானப்பிரகாசியார் என்று அழைக்கிறார்கள். ஸ்தேவானை முடியப்பர் என்றும், அந்திரேயாவைப் பெலவேந்திரர் என்றும் தமிழாக்கிய அதே மரபில் வந்த பெயர் இது. மகுடம் என்ற கிரேக்கப் பொருளை முடியப்பர் அப்படியே காக்கிறது. ஞானப்பிரகாசம் என்பதிலோ புகழும் இல்லை, போரும் இல்லை; பெயர் புனிதர் வழியாகவே நம்மிடம் வந்தது, சொல் வழியாக வரவில்லை. இப்பெயரைத் தாங்கியவர்களுள் சொற்பிறப்புக்கு நெருங்கியவர் ஒருவர் உண்டு: 1875இல் வைத்திலிங்கமாகப் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குருவாகப் பணியாற்றி, தமிழ்ச் சொற்களின் வேர்களை ஆராய்ந்து ஒப்பியல் அகராதி தொகுத்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

லூர்துசாமி, லூர்துமேரி என்ற பெயர்களும் இதிலிருந்து வந்தவையா?

இல்லை. அவை தென்பிரான்சிலுள்ள லூர்து என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தவை.

இப்பெயரைத் தாங்கிய ஊர்கள் எவை?

புனித லூயியின் பெயரில் 1764இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம் எழுந்தது. பதினான்காம் லூயியின் பெயரை 1682இல் லூசியானா பெற்றது. மொரிஷியசின் தலைநகரான போர்ட் லூயிஸ் பதினைந்தாம் லூயிக்கு உரியது. ரைன் நதிக்கரையின் லூட்விக்ஸ்ஹாஃபென் பவேரியாவின் முதலாம் லூட்விக் பெயரால் வழங்குகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கும் லூயி கோட்டை என்றே பெயர். 1706ஆம் ஆண்டு புனித லூயி திருநாளில் அதைத் திறந்துவைத்தார்கள். ஆங்கிலேயர் 1761இல் நகரைப் பிடித்ததும் அதைத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைய பாரதி பூங்கா இருக்கும் பகுதியில்தான் அது நின்றது.

இவற்றுள் மிக வேடிக்கையான வரலாறு ஜெர்மன்-பிரெஞ்சு எல்லையிலுள்ள சார்லூயி நகருடையது. 1680இல் பதினான்காம் லூயி நிறுவிய அந்நகரின் பெயர் பிரெஞ்சு வாடை அடிக்கிறது என்று கருதிய நாஜிகள், 1936இல் அதைச் சார்லௌட்டெர்ன் என்று மாற்றினார்கள். போர் முடிந்த 1945இல் பழைய பெயர் திரும்பியது. ஜெர்மானியத் தூய்மை வேண்டி அவர்கள் அழித்தது பிராங்கு இனத்தின் ஆகப் பழைய பெயர்களுள் ஒன்றை.

தமிழில் லுட்விக், லுத்விக், லூட்விக் என்று பலவாறு எழுதுகிறார்களே, எது சரி?

ஜெர்மனில் முதல் உயிர் நெடில். அசையின் இறுதியில் வரும் டகரம் வல்லொலி பெறும். ஆகவே லூட்விக் என்பது நெருக்கமான எழுத்து. இறுதி ஒலிதான் சிக்கல்: வட ஜெர்மானியரும் செய்தி வாசிப்பவர்களும் அதை ஹகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியாகச் சொல்வார்கள், பவேரியரும் ஆஸ்திரியரும் ககரமாகவே சொல்வார்கள். அந்த இடையொலிக்குத் தமிழில் எழுத்தில்லை; பவேரிய வழக்கைப் பின்பற்றிக் ககரம் போடுவதில் தவறில்லை. பிரெஞ்சு வடிவத்தில் இறுதி ஸகரம் ஒலிப்பதில்லை என்பதால் மன்னர்களை லூயி என்று எழுதுவதே பொருத்தம்.

செல்லப்பெயர்களும் பெண்பால் வடிவங்களும் உண்டா?

ஜெர்மனில் லூட்ஸ் என்பது பழைய சுருக்கம். அது இன்று தனிப்பெயராகவும் வழங்குகிறது. பவேரியாவில் லுக்கி என்று முற்பகுதியையும், விக்கெர்ல் என்று பிற்பகுதியையும் பிடித்து அழைப்பார்கள். பெண்பாலில் லுதோவிகா இலத்தீன் வடிவம். லூயிசே, லூயிசா, லூயிஸ் ஆகியவை பிரெஞ்சு வழி வந்தவை.

இன்றைய ஜெர்மனியில் பிள்ளைகளுக்கு லூட்விக் என்று பெயரிடுகிறார்களா?

19ஆம் நூற்றாண்டில் மிகப் பரவலாக இருந்த இப்பெயர், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தாத்தாக்களின் பெயராகச் சுருங்கிவிட்டது. அந்த இடைவெளியில் லூயிஸ், லூயி என்ற வடிவங்கள் ஜெர்மன் பெற்றோரிடையே பெரும் விருப்பம் பெற்றன. பழைய பெயர்களுக்குத் திரும்பும் நாட்டத்தில் இப்போது லூட்விக்கும் ஆங்காங்கே பள்ளி வருகைப் பதிவேடுகளில் தலைகாட்டுகிறது. ஒரே வகுப்பில் ஒரு லூட்விக்கும் ஒரு லூயியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால், இருவரின் பெயர்நாளும் ஆகஸ்ட் 25தான்.